பதினான்கு படகுகள்

அத்தியாயம் 6

"நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு ஒரு ஆளைக் கடல்ல இறக்கி மிதக்க விடுவோம். எங்க படகு அவனைப் பாத்து நேரா வரும். படகுல யாரும் இருக்க மாட்டாங்க," என்றார் சுப்பிரமணியன்.

"படகுக்கு ஆள் இல்ல, ஆளுக்குப் படகு இல்ல. பொருத்தமான ஜோடிதான்," என்றேன்.

லோகநாயகி மேடம் என்னைப் பார்க்காமலே ஒரு விரலை உயர்த்தினார். வாயை மூடு என்பதற்கு அவர் வைத்திருந்த சைகை அது.

2009 பிப்ரவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், மருந்துக்கடை மாடியில் எங்கள் துப்பறியும் அலுவலகம். மேடம் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவருடைய உதவியாள். இரண்டே பேர் வேலை பார்க்கும் இடத்தில் வருகைப் பதிவேடு வைத்து, தினமும் காலை ஒன்பதரைக்கு என்னிடம் கையெழுத்து வாங்குவார். போலீஸ் பழக்கம்.

என் வாய் அப்போது ஓயாது. 2004 டிசம்பரில் தேவனாம்பட்டினத்தில் என் மனைவி வெண்மதியும் மகள் எழிலரசியும் அலையோடு போனார்கள். அதன் பிறகு வந்த பழக்கம். நான் தமாஷ் பண்ணிக்கொண்டே இருந்தால் யாரும் என்னிடம் எதுவும் விசாரிக்க மாட்டார்கள்.

சுப்பிரமணியன் கடலூரில் படகுகளுக்கு மின்னணுக் கருவி செய்யும் சின்னக் கம்பெனியின் முதலாளி. சிதம்பரத்துக்கு வெளியே உள்ள ஒரு பொறியியல் கல்லூரியும் அவர் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து, பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி நிதியில் தானே ஓடும் ரோந்துப் படகு ஒன்று செய்திருந்தார்கள். கல்லூரிப் பக்கம் பேராசிரியர் ஹேமசபேசன். படகின் கேமரா எதிரே இருப்பது அலையா, கட்டையா, ஆளா என்று பார்க்கும். ஆள் என்றால் படகு தானே நின்றுவிட வேண்டும். தில்லியிலிருந்து வரும் குழு நாளை அதைக் கண்ணால் பார்த்துத் திருப்தியடைந்தால் இன்னும் மூன்று வருஷத்துக்கு நிதி உண்டு.

"திட்டத்தோட பேரு இன்னா சார்?" என்று கேட்டேன்.

"நம்பகமான தன்னியக்கப் பாதுகாப்பு அமைப்பு."

"பேருலயே நம்பகமா. எங்க தெருவுல 'சுத்தமான பசும்பால்'னு போர்டு வச்சவன்கிட்டதான் தண்ணி ஜாஸ்தி."

அவர் ஒரு கடிதத்தை மேசை மேல் வைத்தார். சிதம்பரம் தபால் முத்திரை. பெயர் இல்லை. கம்ப்யூட்டரில் அடித்த இரண்டு வரி.

'நாற்பது நாள் சோதனையில் முப்பத்து நாலு நாள் நடக்கவே இல்லை. தயவுசெய்து ஆளை இறக்காதீர்கள்.'

"போட்டிக் கம்பெனிக்காரன் வேலை இது. எழுதினவன் யாருன்னு சாயந்திரத்துக்குள்ள தெரியணும். நாப்பது நாளும் நடந்ததுக்கு ஆதாரம் இந்தாங்க." கனமான ஒரு புத்தகத்தை மேடத்தின் பக்கம் தள்ளினார்.

சோதனைப் பதிவேடு. ஒரு நாளுக்கு ஒரு தாள். தேதி, தொடங்கிய நேரம், இடம், எதிரே வந்த படகுகள், முடிவு. ஒவ்வொரு தாளின் அடியிலும் 'சாட்சி' என்று ஒரு கட்டம், அதில் ஒரு கையெழுத்து.

"திட்டத்துல சம்பளம் வாங்காத ஆளா இருக்கணும், கடல் தெரிஞ்சிருக்கணும். அப்படி ஒருத்தர் தினமும் பக்கத்துல இருந்து பாத்து கையெழுத்து போடணும்னு தில்லில கண்டிஷன். மத்ததெல்லாம் நாங்க எழுதறது. அந்த ஒரு கட்டத்தைத்தான் அவங்க நம்புவாங்க."

"யாரு அந்த சாட்சி? பேரு காணமே," என்றார் மேடம்.

"பேராசிரியர் ஏற்பாடு. மீனவர் சங்கத்துல இருந்த யாரோ ஒருத்தர்."

மேடம் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். "எழிலா, இது யாரு கையெழுத்துன்னு படி பாக்கலாம்."

குனிந்து பார்த்தேன். "கோழி கிளறின மாதிரி இருக்கு மேடம். கோழியத்தான் கேக்கணும்."

சுப்பிரமணியன் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை.

"நாளைக்குத் தண்ணில இறங்கறது யாரு?" என்று கேட்டார்.

"தேவனாம்பட்டினத்து ஆளு. நல்லா நீந்துவான். சார்லஸ்னு, சவரியம்மாள் மவன்."

சவரியம்மாள் என் மாமியார். சார்லஸ் வெண்மதியின் தம்பி. அவர்கள் வீட்டில் அலை விட்டுவைத்த ஒரே பிள்ளை.

நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்ப் போன் போட்டேன்.

"நாளைக்கு நீதான் தண்ணில இறங்கறியாடா?"

"ஆமா மாமா. டிவிக்காரன் வந்தாலும் வருவான். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, ஒப்பாரி வைக்கும்."

"வேணான்டா. டெஸ்ட்டு எதுவும் சரியா நடக்கலையாம். லெட்டர் வந்துருக்கு."

"பேரு போடாத லெட்டரா? அத நம்பறதா மாமா, இல்ல..." என்று ஒரு காரணம் சொன்னான். அதைக் கேட்டதும் நான் போனை வைத்துவிட்டேன்.

"இன்னா சொல்றான்?" என்றார் மேடம்.

"இறங்குவேன்றான்."

"ஏன்?"

"நம்பறானாம்."

சுப்பிரமணியன் போனதும் மேடம் சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரையும், உள்ளே வைத்திருந்த போன வருஷத்துக் காலண்டர் அட்டையையும் எடுத்துவரச் சொன்னார்.

"கையெழுத்து நிபுணர், காயித ஆராய்ச்சின்னு போனா ரிப்போர்ட் வர்றதுக்குள்ள அந்தப் பையனுக்குப் பதினாறாம் நாள் முடிஞ்சிடும். நீ தாளைப் பாத்து கிழமையும் தொடங்கின நேரமும் மட்டும் படி."

படித்தேன். முதல் ஆறு தாள் அக்டோபர் மாதம், உப்பனாற்றுக் கழிமுகம். அதிகாலை 5.40. அடுத்தது 6.15. ஒரு சனிக்கிழமை காலை 9.20. ஒரு செவ்வாய் மாலை 3.50. கடல் எப்போது இடம் கொடுத்ததோ அப்போது போயிருக்கிறார்கள்.

ஏழாவது தாளிலிருந்து இடம் மாறியது. சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளை முகத்துவாரம். நேரமும் ஒழுங்குக்கு வந்துவிட்டது. செவ்வாய், புதன், வியாழன் எல்லாம் ஏழே முக்கால், எட்டு. திங்கள் மட்டும் ஒன்பதுக்கு முன்னால் ஒன்றுகூட இல்லை. வெள்ளி என்றால் எல்லாம் பத்தரைக்கு முன்பே தொடங்கியிருந்தது. சனி என்றால் 10.40, 10.35, 10.45.

"சனிக்கிழமை ஒன்பதுலேர்ந்து பத்தரை வரைக்கும் அவுங்க எங்க போறாங்க?" என்றார் மேடம்.

காலண்டரில் ஒரு சனிக்கிழமைத் தாளைப் புரட்டி, கீழே பொடி எழுத்தைப் பார்த்தேன். "ராகுகாலம்."

"திங்கள் ஏழரை டு ஒன்பது?"

"அதுவும் ராகுகாலம்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மேடம், படகுலதான் ஆளே இல்லையே. யாருக்கு ராகுகாலம்?"

"நேரத்தைப் போட்டவங்களுக்கு. கடலுக்குப் போறவன் காத்தையும் நீரோட்டத்தையும் பாப்பான். நாற்காலில உக்காந்து நேரத்தைக் கற்பனை பண்றவங்க கைதான் ராகுகாலத்துக்குப் பக்கத்துல போனா தானா விலகும். ராகுகாலம் பாக்காத தாள் எத்தனை?"

"ஆறு."

"பாத்த தாள்?"

எண்ணத் தேவையில்லை. முப்பத்து நாலு. கடிதத்தில் இருந்த அதே எண்.

"வெளியாளுக்குப் பொய் இருக்குன்னுதான் தெரியும். எத்தனை பொய்யின்னு எழுதினவங்களுக்குத்தான் தெரியும். பதிவேடும் கடுதாசியும் ஒரே கை," என்ற மேடம் சுப்பிரமணியனுக்குப் போன் செய்தார். பதிவேட்டைக் கல்லூரியில் யார் தட்டச்சு செய்வது என்று மட்டும் கேட்டார். ஆராய்ச்சி மாணவி பிரீதா, சிதம்பரம் தெற்கு வீதி.

அதற்குள் நான் தாள்களைத் திருப்பிக்கொண்டே போய் ஒன்றில் நின்றுவிட்டேன். மேடம் என் தோளுக்கு மேல் எட்டிப் படித்தார்.

"26.12.2008, வெள்ளி. காலை 8.40. எதிர்ப்பட்ட மீன்பிடிப் படகுகள் 14. அனைத்தையும் தானே அறிந்து விலகியது."

டிசம்பர் இருபத்தாறு அன்று இந்தக் கரையில் ஒரு கட்டுமரம்கூட இறங்காது. அன்றைக்கு ஊரே கரையில் நிற்கும். அந்த வருஷமும் நின்றோம். எட்டே முக்காலுக்கு நான் இடுப்பளவுத் தண்ணீரில் பால் சொம்போடு இருந்தேன். பக்கத்தில் சார்லஸ் மெழுகுவர்த்தி ஏற்ற முயன்று முயன்று, காற்று விடாமல், கடைசியில் ஏற்றாத மெழுகுவர்த்தியையே தண்ணீரில் விட்டான். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை கடல் காலி.

பதினான்கு படகுகளாம்.

அந்தத் தாளின் அடியிலும் கோழி கிளறியிருந்தது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றார் மேடம்.

சிதம்பரம் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. ஆலப்பாக்கம் தாண்டும்வரை நான் ஒன்றும் பேசவில்லை.

"உடம்பு சரியில்லையா?" என்றார் மேடம்.

"ஞாயித்துக்கிழமை நாக்குக்கு லீவு விட்டுட்டேன் மேடம்."

"அப்பிடியா. நாளைக்கு அது வேலைக்கு வந்தா சரி," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

தெற்கு வீதியில் பிரீதாவின் வீட்டை அடைந்தபோது மணி நாலே கால். ஒல்லியான பெண், இருபத்தேழு வயது இருக்கும். நாளைய ஏற்பாடு பற்றிப் பேசக் கம்பெனியிலிருந்து வந்திருப்பதாக மேடம் சொன்னதும் பயந்தபடி உட்காரச் சொன்னாள்.

"உக்கார நேரம் இல்லம்மா. உங்க பேராசிரியரைப் பாக்கணும். கீழ வீதிதானே? நீயும் வா. நாலரைக்குக் கிளம்புவோம், பேசிட்டு அஞ்சரைக்கு வந்துடலாம்."

"ஆறு மணிக்கு மேல போலாமே மேடம்."

"ஏன், சார் தூங்குவாரா?"

"இல்ல. சும்மாதான். இப்ப வேண்டாம்."

"ஞாயித்துக்கிழமை நாலரை டு ஆறு," என்றார் மேடம் மெதுவாக. பையிலிருந்து பதிவேட்டை எடுத்து, ஒரு சனிக்கிழமைத் தாளைப் பிரித்து அவள் முன்னால் வைத்தார். 10.40 என்ற எண்ணின் மேல் விரலை வைத்தார்.

பிரீதா கொஞ்ச நேரம் அந்த விரலையே பார்த்தாள். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நவம்பர்ல கேமராவுக்குள்ள உப்புத்தண்ணி போயிடுச்சு. மாத்துக் கேமரா வெளிநாட்டுலேர்ந்து வரணும். அது வரலை, மழைதான் வந்தது. ஜனவரிக்குள்ள ரிப்போர்ட் போகலேன்னா அடுத்த தவணை நின்னுடும். பதினோரு பேர் ஆராய்ச்சி அதை நம்பித்தான் இருக்கு. சார் லேப்ல கம்ப்யூட்டர்லயே ஓட்டச் சொன்னார். நானூறு தடவை ஓட்டினோம். ஒரு தடவைகூட மோதலை. 'கம்ப்யூட்டர் கடலும் கடல்தான், தேதியும் நேரமும் நீயே போட்டுக்கோ'ன்னார். போட்டேன். ராகுகாலம் யோசிச்செல்லாம் போடலை மேடம். கை தானாவே தள்ளிப் போயிருக்கு."

"நாளைக்கு?"

"புதுக் கேமராவை இன்னும் கடல்ல போட்டே பாக்கலை. ஆளை இறக்குறதுதான் முதல் தடவை. குழுவே கேட்டுதாம், நாப்பது நாள் பாஸ் ஆயிருக்கே, அப்புறம் பொம்மை எதுக்கு, ஆளையே இறக்கலாமேன்னு."

"டிசம்பர் இருபத்தாறு?" என்று அந்தத் தாளைப் புரட்டிக் காட்டினேன். அங்கே நான் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் மெல்ல மாறியது.

"அன்னிக்கு எங்களுக்கு காலேஜ் உண்டு சார். சாதாரண நாள்னு நெனச்சு... நாலு வருஷம்தான் ஆச்சு. மறந்தே போயிருக்கேன்."

"பரவால்லம்மா," என்றேன், மன்னிக்கிற தகுதி எனக்கு இருந்ததைப் போல.

"நானே வந்து குழுகிட்ட சொல்லிடறேன் மேடம். படிப்பு போனாப் போகட்டும்."

"நீ வர வேணாம். சொல்ல வேண்டியவங்க இன்னொருத்தர் இருக்காங்க," என்று சொன்ன மேடம், குனிந்து குடையைத் தேடிக்கொண்டிருந்தார். என் பக்கம் பார்க்கவில்லை.

கீழ வீதியில் பேராசிரியர் வீட்டு வாசலில் மேடம் செருப்பைக் கழற்றினார். "நீயும் வா."

"நான் செருப்புக்குக் காவல் இருக்கேன் மேடம். கோயில் ஊரு, ஜோடி மாறிடும்."

அவர் உள்ளே போனார். நான் தெருவில், ஜன்னலுக்குக் கீழே நின்றேன். உள்ளே பேராசிரியரின் மனைவி ஜகதாம்பாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததும், டம்ளர் மேசையில் வைக்கப்பட்டதும்கூடக் கேட்டது. மேடம் பிரீதாவின் பெயரையே எடுக்காமல் ராகுகாலத்தை மட்டும் சொன்னார்.

"இது ஒரு தப்பா மேடம்?" என்று ஹேமசபேசன் சிரித்தார். "எங்க டீம்ல எல்லாரும் பாக்கறவாதான். கடலுக்குப் போறப்பவும் பாத்துண்டுதான் போனோம்."

"டிசம்பர் இருபத்தாறு அன்னிக்குப் பதினாலு படகு பாத்தீங்களா?"

"தேதி தப்பா அடிச்சிருப்பா. இருபத்தேழா இருக்கும்."

"இருபத்தேழுக்குத் தனியா தாள் இருக்கு சார்."

நாற்காலி நகரும் சத்தம். பிறகு பேராசிரியரின் குரல் தணிந்து வந்தது. "ஒண்ணே ஒண்ணு சொல்றேன் மேடம். நாப்பது தாள்லயும் சாட்சி கையெழுத்து இருக்கு. அந்த மனுஷர் இங்க வந்து, 'நான் பாக்கலை'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். இப்பவே போன் பண்ணி ஆளை இறக்க வேண்டாம்னு சொல்லிடறேன். அவர் சொல்லாதவரைக்கும் உங்க காலண்டர் சாஸ்திரமெல்லாம் தில்லில எடுபடாது."

"அவர் வருவாருன்னு நெனைக்கிறீங்களா?"

"வர மாட்டார். இந்தப் படகு ஓடணும்னு என்னைவிட ஜாஸ்தி ஆசைப்பட்டவர் அவர்."

உண்மை. போன அக்டோபரில், இதே ஊரில், கோபுரத்துக்கு எதிரே ஒரு ஓட்டலில்தான் அது நடந்தது. தேவனாம்பட்டினத்து மீனவர் சங்கத்தில் நான் முன்பு எழுத்தராக இருந்தவன் என்று யாரோ சொல்லி, அவர் என்னைத் தேடிப் பிடித்திருந்தார். தண்ணீரில் ஒரு தலை தெரிந்தால் போதும், படகு தானே நின்றுவிடும் என்றார். கறுப்போ வெளுப்போ, பெரியவரோ குழந்தையோ, அது பார்த்துவிடும். "2004-ல இப்படிப் பத்துப் படகு இருந்திருந்தா யோசிச்சுப் பாருங்கோ," என்றார். அது ரோந்துக்குப் போகும் படகு, ஆளைத் தூக்கும் படகு அல்ல. எனக்கு அது தெரியும். ஆனாலும் அந்த நிமிஷம் நான் பார்த்தது இரண்டு தலைகளைத்தான், ஒன்று பெரியது, ஒன்று சின்னது. தினமும் கிள்ளைக்கு வர உங்களுக்குச் சிரமம் என்று சொல்லி, எதுவும் எழுதாத நாற்பது தாளை அவர் என் முன் வைத்தார். இட்லியும் கொத்சும் வந்து ஆறுவதற்குள் நாற்பதிலும் கையெழுத்துப் போட்டு முடித்தேன். வெண்மதி மகளிர் குழுவில் எந்தத் தாளையும் இரண்டு தடவை வாசிக்காமல் கையெழுத்துப் போட மாட்டாள். இவளால் கூட்டம் முடிய நேரமாகிறது என்று மற்றவர்கள் திட்டுவார்கள்.

போனில் சார்லஸ் சொன்ன காரணத்தை இப்போது சொல்கிறேன்.

"பேரு போடாத லெட்டரை நம்பறதா மாமா, இல்ல உங்களை நம்பறதா? பேராசிரியர் நேத்துதான் உங்க பேரைச் சொன்னாரு, நாப்பது நாளும் நீங்கதான் சாட்சியாம். எம் மாமான்னு அவருக்குத் தெரியாது. எங்கிட்ட மூச்சே விடலையே நீங்க. நீங்க பாத்துட்டீங்கல்ல, போதும்."

அந்தப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். மேடம் பக்கத்தில் இருக்கிறார், சுப்பிரமணியன் இருக்கிறார் என்று நாக்கு எழவில்லை. மச்சான் செத்தாலும் மானம் போகக் கூடாது என்று அரை நாள் முழுக்க நான் இருந்திருக்கிறேன். எப்படிச் சுற்றிச் சொன்னாலும் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

மேடத்தின் செருப்பைத் தாண்டிப் படியேறினேன்.

என்னைக் கண்டதும் ஹேமசபேசனின் முகம் மலர்ந்துவிட்டது. அதுதான் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை. "வாங்கோ எழிலன் சார், சரியான சமயத்துல வந்தேள். மேடம், நான் சொன்ன சாட்சி இவர்தான். நீங்களே கேட்டுக்கோங்கோ."

"நான் பாக்கல சார்," என்றேன்.

"என்ன?"

"ஒரு நாள்கூடப் பாக்கல. கிள்ளைக்குப் போனதே இல்ல. உங்ககிட்ட வெறுந்தாள்ல போட்டேன். இருபத்தாறாம் தேதி எட்டு நாப்பதுக்கு எம்பொண்டாட்டி புள்ளைக்குக் கரைல பால் ஊத்திக்கினு இருந்தேன். அங்க பதினாலு படகு இல்ல. ஒரு படகும் இல்ல."

மேடம் ஆச்சரியப்படவில்லை. தண்ணீர் டம்ளரை எடுத்து மிச்சத்தைக் குடித்தார்.

பேராசிரியர் நின்றபடியே இருந்தார். "நானூறு தடவை ஓட்டினோம். ஒரு தடவைகூட மோதலை," என்றார், எங்கள் இருவருக்கும் இல்லாமல் பொதுவாக.

"கம்ப்யூட்டர்ல ஆள் எப்பிடி இருப்பான் சார்?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "புள்ளி. ஒரு வெள்ளைப் புள்ளி."

"நாளைக்கு இறங்கறது எம் மச்சான் சார்."

அவர் உட்கார்ந்தார். ஜகதாம்பாள் உள்ளேயிருந்து போனை எடுத்துவந்து அவர் கையில் வைத்தார். பேராசிரியர் மனைவியையும் எங்களையும் பார்க்காமல் எண்ணை அழுத்தினார்.

தெருவுக்கு வந்ததும் மேடத்திடம் சொன்னேன், "அந்தக் கோழி நாந்தான் மேடம்."

"தெரியும். ரெண்டு வருஷமா தெனம் காலைல ஒன்பதரைக்கு அந்தக் கோழியப் பாக்கறேன். டிசம்பர் பதினஞ்சு ஒன்பது பத்துக்குக் கிள்ளைல கிளறியிருக்கு, ஒன்பதரைக்கு நம்ம ரிஜிஸ்டர்ல கிளறியிருக்கு. அம்பது கிலோமீட்டர். கோழி பறந்துதான் வந்திருக்கணும்."

"காலைலயே தெரியுமா?"

"புத்தகத்தை உம்பக்கம் திருப்பினேனே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே மேடம். எதுக்கு இந்த அலைச்சல்?"

"நான் சொன்னா அது கண்டுபிடிப்பு. நீ சொன்னாதான் சாட்சி." செருப்பை மாட்டிக்கொண்டார். "ஆறு மணி வரைக்கும் பாத்திருப்பேன், அதுக்கப்புறம் நானே அந்தப் பையனுக்குப் போன் போட்டிருப்பேன். அஞ்சு இருபதுக்கு நீ படியேறிட்டே. ராகுகாலம்தான். பரவால்ல."

திங்கட்கிழமை காலை தேவனாம்பட்டினம் கரையில் சாமியானா போட்டு, தில்லிக் குழுவினர் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஹேமசபேசன் ஓரத்தில் தனியாக நின்றார். சுப்பிரமணியன் மேடத்திடம் வந்து, கடிதம் எழுதியது யார் என்று கேட்டார்.

"பேரு இல்லாத கடுதாசி சார். அப்பிடியே இருக்கட்டும். ஃபீஸ் வேணாம்," என்றார் மேடம்.

சார்லஸ் கோபமாக மணலை உதைத்துக்கொண்டிருந்தான். அவனுடைய ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைக்குள் வைக்கோலைத் திணித்து, மேலே ஒரு மண்சட்டியைக் கவிழ்த்துக் கடலில் விட்டிருந்தார்கள்.

"கடைசி நேரத்துல யாரு மாமா கெடுத்தது? எனக்கு பதிலா திருஷ்டிப் பொம்மையப் போட்டுட்டாங்க."

"நாந்தான்டா," என்றேன். மிச்சத்தையும் சொன்னேன். ஓட்டல், வெறுந்தாள், கையெழுத்து, நேற்றைய போன். தமாஷ் எதுவும் கலக்கவில்லை.

அவன் பதில் சொல்வதற்குள் படகு கிளம்பிவிட்டது.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆள் இல்லாத இருக்கை, தானே திரும்பும் சுக்கான். அலையைக் கிழித்துக்கொண்டு நேராக வந்தது. நூறு மீட்டர். ஐம்பது. வேகம் குறையும் என்று எல்லோரும் சற்று முன்னால் சாய்ந்தோம். அது குறையவில்லை. சட்டி உடைந்த சத்தம் கரைவரை வந்தது. படகு அதே வேகத்தில் தாண்டிப் போய்விட்டது. பின்னால் வைக்கோல் பரவியது. ஆரஞ்சுச் சட்டை இரண்டு துண்டாக, ஒன்றைவிட்டு ஒன்று விலகி மிதந்தது.

சாமியானாவில் ஐந்து பேரும் எழுந்து நின்றார்கள்.

சார்லஸ் அந்தத் துண்டுகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் திரும்பாமல் கேட்டான்.

"அக்காவுக்காகவா போட்டீங்க?"

"ஆமா."

"அக்காவா இருந்தா படிச்சுப் பாத்துட்டுதான் போட்டிருக்கும்."

சொல்லிவிட்டுத் தண்ணீர் ஓரமாக நடந்து போனான். அலையில் ஒதுங்கி வந்த ஒரு துண்டை எடுத்து, பிழிந்து, தோளில் போட்டுக்கொண்டான்.

குழுவைச் சேர்ந்த அதிகாரி ஒருவர் என்னைக் கூப்பிட்டார். படகு கிளம்புமுன் அவர்களிடம் நான் சொன்னதை அங்கேயே தட்டச்சு செய்திருந்தார்கள். நாலு பக்கம். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கையெழுத்து போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துப் பேனாவை நீட்டினார்.

நான் பேனாவை வாங்கவில்லை. முதல் பக்கத்துக்குத் திருப்பினேன். வெயில் ஏறியிருந்தது, எழுத்து கூசியது. ஒவ்வொரு வரியாக, விரலை வைத்து, இரண்டு தடவை வாசித்தேன். மூன்றாவது பக்கம் வந்தபோது காகிதத்தின் மேல் ஒரு நிழல் விழுந்தது. ஈரச் சட்டைத் துண்டோடு சார்லஸ் என் பின்னால் வந்து, வெயிலை மறைத்துக்கொண்டு நின்றான்.

"படிங்க மாமா. யாரும் அவசரப்படுத்தல," என்றான்.